சுபாஜினி அச்சடித்த எல்லை

சுன்னாகம் சந்தைக்குக் கிட்டப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் சுபாஜினி என்னோடு பேசிய முதல் வார்த்தை, "ஏலாது" என்பதுதான். முப்பத்துநான்கு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவர்கள் குறைவு. சொன்ன இரண்டு மூன்று பேரும் என் மனைவியின் பக்கத்து ஆட்கள்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நான் தலைவர். அங்கே ஒரு பழைய ஓ.எச்.பி. இருக்கிறது. சண்டை முடிந்த காலத்தில் வந்த ஏதோ ஒரு நிறுவனம், தன் கூட்டங்களை எல்லாம் வைத்து முடித்துவிட்டுப் போகும்போது அதை விட்டுவிட்டுப் போனது. படம் உள்ள தெளிவான தாளை அதன் கண்ணாடியில் வைத்தால், கீழேயிருந்து வெளிச்சம் போய்ச் சுவரில் பெரிதாகத் தெரியும். கணினியில் போடுகிற புரொஜெக்டர் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதி, அதிபரின் முகம் பார்த்து வாங்கி, அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

டெங்குக் காய்ச்சல் பற்றி ஒரு கூட்டம் வைத்தோம். நுளம்பின் படங்களை அச்சடிக்கவென்று, கொழும்பிலிருக்கும், எனக்கு மகன் முறையான பெறாமகன் அனுப்பிய ஓ.எச்.பி. தாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய கடைக்குப் போனேன். சுபாஜினி ஒரு தாளை உருவி வாசல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள். பக்கம் புரட்டுவதற்கு வைத்திருக்கும் ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தாளின் மூலையில் அழுத்தினாள். விரலோடு தாளும் ஒட்டிக்கொண்டு எழும்பியது.

"ஏலாது, மாஸ்ரர்."

"ஏன் ஏலாது?"

"இது மை தெளிக்கிற பிரிண்டருக்கான தாள். மையை உறிஞ்ச ஒரு பூச்சுப் பூசியிருக்கு. அதுதான் விரலிலை ஒட்டுது. என்ரை மெசின் லேசர். சூட்டிலை தூளை உருக்கிப் பிடிக்க வைக்கிறது. இதை விட்டால் பூச்சு உருகி உருளையிலை ஒட்டிப்போடும்."

"கொழும்பிலையிருந்து வந்த தாள், பிள்ளை."

"கனடாவிலையிருந்து வந்தாலும் உருகும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அலுமாரியைத் திறந்து தன்னுடைய தாளில் மூன்றை எடுத்து, படங்களை அடித்துத் தந்தாள். சூடாகவும் சுருளாமலும் வெளியே வந்தன. அன்றைய கூட்டத்தில் சுவரில் நுளம்பைப் பார்த்ததும் பின்வரிசையில் இருந்தவர்கள் காலைச் சொறியத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு எனக்கு வேறு கடை இல்லை.

சுபாஜினி வெங்காயத் தோட்டக்காரரின் மகள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு கணினி படித்து, பழைய லேசர் பிரிண்டர் ஒன்றை வாங்கிக் கடை தொடங்கினாள். தொடங்கி மூன்றாம் மாதம் ஒரு ரியூசன் வாத்தியார் சில தெளிவான தாள்களைக் கொண்டுவந்து, ஓ.எச்.பி. தாள் என்று சத்தியம் செய்தாராம். உண்மையில் அது பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போடுகிற பிளாஸ்டிக். மெசினுக்குள் போன தாள் வெளியே வரவில்லை. மணம்தான் வந்தது. யாழ்ப்பாணம் ரவுணிலிருந்து மெசின் திருத்துகிற கனிசியஸ் வந்து, உருளையில் சுற்றி உருகியிருந்ததைத் துண்டு துண்டாக உரித்து எடுத்தார். "பிள்ளை, இதுக்குள்ளை ஒரு அடுப்பு இருக்கெண்டு நினைச்சுக்கொள். அடுப்பிலை வைக்கேலாததை இதுக்குள்ளையும் வையாதை" என்றுவிட்டுப் போனார்.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பைப் படிக்கத் தொடங்கியது. கையால் எழுதுவதற்கான மெல்லிய தாள் எது, மை தெளிக்கிற பிரிண்டருக்கான தாளில் பூச்சுள்ள பக்கம் எது, லேசர் சூட்டைத் தாங்குகிற தாள் எது என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். பெட்டியில் எழுதியிருப்பதை அவள் நம்புவதில்லை. வேறு பெட்டிக்குள் மாற்றி வைத்து விற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்போது ஓ.எச்.பி. பாவிப்பவர்கள் என்னைப் போல நாலைந்து பேர்தான். ஆனாலும் ரீசேட்டில் படம் பதிக்கிறவர்களும் கலியாணக் காட் அடிக்கிறவர்களும் அந்தத் தாளுக்காகத் தேடி வருகிறார்கள். காலை எட்டு மணிக்குக் கடை திறப்பாள், ஆறு மணிக்குப் பூட்டுவாள், இடையில் வானொலி பாடிக்கொண்டிருக்கும். "வேறை என்ன வேணும் மாஸ்ரர்?" என்று ஒருநாள் கேட்டாள். நிறைவாக இருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வருவதுண்டு.

இனி மதில் கதைக்கு வருகிறேன்.

சுபாஜினியின் கணவன் பிரகலாதன் தோட்டக்காரன். நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம். போன வருடம் சுவிஸிலிருக்கும் தமையன் உதவி செய்ய, வீட்டு வளவின் மேற்குப் பக்கத்து வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டப்போவதாகச் சொன்னான். வேலிக்கு அந்தப் பக்கம் செல்வநாயகத்தின் வளவு. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் கதைக்காத மனிதர்.

எங்கள் ஊர் வேலிகள் நடக்கும். வருடா வருடம் வேலிக் கால்களாக நட்ட கதியால்களை மாற்றும்போது அரை விரல், ஒரு விரல் என்று அங்குமிங்கும் போகும். அதற்காக ஒரு தலைமுறை முழுக்க முகம் பார்க்காமல் இருந்த சகோதரங்களை எனக்குத் தெரியும். ஆனால் வேலி போனால் அடுத்த வருடம் திரும்பியும் வரலாம். மதில் வந்தால் வந்ததுதான். அதனால் மதில் என்றதும் எல்லாரும் காணி உறுதிப் பத்திரத்தைத் தேடுவார்கள். பிரகலாதன் நில அளவையாளரைக் கூப்பிட்டுப் புதிதாக ஒரு காணிப் படம் கீறுவித்தான். செல்வநாயகம் தகப்பன் காலத்துப் படத்தை எடுத்து வந்தார். புதிய படத்தில் வேலி இப்போது நிற்கிற இடம் இருந்தது. பழைய படத்தில் உறுதிப்படியான எல்லை இருந்தது. இரண்டும் வேறு வேறு அளவில் கீறியவை. ஆளுக்கொரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலி தன் பக்கம்தான் தள்ளி நிற்கிறது என்று இருவரும் சாதித்தார்கள்.

செல்வநாயகத்துக்கு அது வீம்பு அல்ல. அவருடைய மனைவி மகாதேவிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. மாதத்தில் இரண்டு முறை தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போக வேண்டும். அவர்கள் வளவுக்குள் வேலியோரமாக உள்ள பாதையால்தான் ஓட்டோ வீட்டு வாசல்வரை வரும். அந்தப் பாதை ஓட்டோவுக்கு மட்டுமட்டாகக் காணும். இரண்டு அடி குறைந்தாலும் ஓட்டோ தெருப் படலையிலேயே நின்றுவிடும். படலையிலிருந்து வாசலுக்கு நூற்றிருபது அடி தூரம். அந்த மனுசி நாலடி நடப்பதற்கே கதிரையைப் பிடிப்பவர்.

வழக்கென்று கோட்டுக்குப் போனால் தீர்ப்பைப் பேரப்பிள்ளைகள்தான் கேட்பார்கள். அதனால் இருவரும் என்னிடம் வந்தார்கள். எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது; எனக்கு யோசனைகள் உடனேதான் தோன்றும். இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஓ.எச்.பி. தாளில் அடிக்க வேண்டும். செல்வநாயகத்தின் வளவுக்கு மேற்குக் கரையில், ஒழுங்கைப் பாதை திரும்பும் முடக்கில், ஓர் எல்லைக்கல் இருக்கிறது. அந்தக் கல்லில் யாருக்கும் சந்தேகம் இல்லை, இரண்டு படத்திலும் இருக்கிறது. கல்லின்மேல் கல்லை வைத்து, ஒழுங்கைக் கோட்டின்மேல் கோட்டை வைத்துச் சுவரில் காட்டினால், வேலி எல்லையில் நிற்கிறதா இல்லையா என்று ஊரே பார்க்கலாம்.

"ஆர் அடிக்கிறது?" என்று கேட்டேன். பிரகலாதன் வாய் திறக்க முதல் செல்வநாயகம் சொன்னார். "சுபாஜினி அடிக்கட்டும்."

"எதிராளியின்ரை மனுசி எல்லே, அண்ணை?" என்றேன்.

"அந்தப் பிள்ளை அடிக்கட்டும்" என்றார் மறுபடியும்.

சுபாஜினி பழைய படத்தைப் புதிய படத்தின் அளவுக்குப் பெருப்பித்தாள். இரண்டு கடதாசியின் அடியிலும் அளவுகோல் வைத்துப் பத்துச் சென்ரிமீற்றரில் ஒரு கோடு கீறினாள். அச்சு அளவு மாறாமல் வந்ததா என்று பார்க்க அது அவளுடைய வழக்கம். ஆனால் அவளுடைய நல்ல பெட்டியில் ஒரு தாள்தான் மிச்சம் இருந்தது. புதிதாக வாங்கிய பெட்டியில் பெயர், விபரம் ஒன்றும் இல்லை. விரல் வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. வெறும் தாள் ஒன்றை மெசினுக்குள் விட்டுப் பார்த்தாள், உருகவில்லை. சரி என்று புதிய படத்தை நல்ல தாளிலும் பழைய படத்தை இந்தத் தாளிலும் அடித்து, வெவ்வேறு கடித உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தும் பார்க்கவில்லை, கோட்டை அளந்தும் பார்க்கவில்லை. பார்த்தால் யார் பக்கம் சரி என்று தெரிந்துவிடும், தெரிந்துகொண்டு சபைக்குப் போகக்கூடாது என்று நினைத்தாளாம். இவ்வளவு நேர்மையாக ஒரு பிழையைச் செய்ய அவளால்தான் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சனசமூக நிலையத்தின் யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கினோம். இருபது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் வழக்கோடு சம்பந்தப்பட்டவர்கள் நாலு பேர், மற்றவர்களுக்கு அன்று வேறு வேலை இல்லை. மகாதேவியையும் கதிரையோடு தூக்கி வந்து இருத்தியிருந்தார்கள். சுபாஜினி உறைகளை எல்லாருக்கும் முன்னால் கிழித்து, தாள்களை ஓ.எச்.பி.யில் வைத்தாள். நான் கல்லைக் கல்லின்மேல் பொருத்தினேன்.

கோடுகள் பொருந்தவில்லை. உறுதிப்படியான எல்லை செல்வநாயகத்தின் வளவுக்குள் தள்ளி இருந்தது. அப்படியென்றால் வேலி பிரகலாதனின் காணிக்குள் நிற்கிறது. நான் அளவுகோலை வைத்துக் கணக்குப் பார்த்தேன். தாளில் இரண்டு மில்லிமீற்றர், நிலத்தில் இரண்டு அடி.

"பாத்தியளே?" என்றான் பிரகலாதன். "நான் சொன்னால் ஆரும் நம்பேல்லை."

செல்வநாயகம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "அப்ப இனி ஓட்டோ உள்ளுக்கு வராது" என்றார். மகாதேவி சீலைத் தலைப்பை மடியில் மடித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கணக்கு கணக்குத்தானே என்று தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

"மாஸ்ரர், கொஞ்சம் பொறுங்கோ."

சுபாஜினி சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருபது பேரும் வேலியைப் பார்த்தோம். அவள் அந்தப் பத்துச் சென்ரிமீற்றர்க் கோடுகளைப் பார்த்தாள். புதிய படத்தின் கோட்டைவிடப் பழைய படத்தின் கோடு சுவரில் ஒரு விரல் அகலம் குறைந்து கட்டையாக இருந்தது.

அவள் கணவனை ஒருமுறை பார்த்தாள். அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முப்பத்துநான்கு வருடக் கணித வாத்தியாருக்கே தெரியவில்லை.

"உது பிழை" என்றாள். "பழைய படம் அடிச்ச தாள் சூட்டிலை சுருங்கியிருக்கு. கோட்டை அளந்து பாருங்கோ."

அளந்தேன். ஒரு கோடு பத்து. மற்றது பத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் குறைவு. அந்தச் சுருக்கத்தைக் கல்லிலிருந்து வேலி வரைக்கும் கூட்டினால் இரண்டு அடி முழுதாக வந்துவிடும். என் காது சுட்டது. பிள்ளைகளின் கொப்பியில் இதற்குக் குறைவான பிழைக்கெல்லாம் நான் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

"உருகுமோ எண்டுதான் பாத்தனான். சுருங்குமோ எண்டு பாக்கேல்லை. இரண்டு தாளும் ஒரே பெட்டியிலை எடுத்திருக்க வேணும். என்ரை பிழைதான்" என்றாள் சுபாஜினி.

பிரகலாதன் எழும்பினான். "இஞ்சாரும், உமக்கென்ன விசரே? தாள் ஆரின்ரை பக்கம் சுருங்கினால் உமக்கென்ன?"

"நாளைக்கு மதிலைக் கட்டிப்போட்டு, நான் அந்த அக்காவின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"அடுத்த ஞாயிறு திரும்பக் கூடுவம்" என்று நான் சபையைக் கலைத்தேன். பிரகலாதன் மனைவியை ஏற்றாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவள் நடந்து போனாள். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் கதை இல்லையாம். ஆனால் நேரத்துக்குச் சாப்பிட்டானாம்.

திங்கட்கிழமை அவள் கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் ரவுணுக்குப் போய், கனிசியஸிடமிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தாள். லேசருக்கு என்றும், எவ்வளவு சூடு தாங்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. அதையும் அவள் நம்பவில்லை. ஒரு தாளில் கோடு அடித்து அளந்தாள், மயிரிழை குறைந்தது. பிறகு இரண்டு வெறும் தாளை முதலில் ஒருமுறை மெசினுக்குள் விட்டெடுத்து ஆறவைத்து, அதற்குப் பிறகே படத்தை அடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"இதென்ன, இரண்டு முறை வேகவைக்கிறீர்?"

"துணியை நனைச்சுக் காயவிட்டுத்தானே தைக்கிறது, மாஸ்ரர்? சுருங்கிறது முதலே சுருங்கட்டும்."

இந்த முறை கோடுகளை அளந்து பார்த்துவிட்டுத்தான் உறைக்குள் வைத்தாள். இரண்டும் சரியாகப் பத்து. எனக்கு அவளை நினைக்கப் பெருமையாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். "பிழை விட்டதுக்கோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளின் அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கப் போய்விட்டாள்.

இரண்டாம் ஞாயிறு இருபது பேர் நாற்பது பேரானார்கள். எல்லாரும் முதலில் அடிக்கோட்டைத்தான் பார்த்தார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஒரே கோடாக இருந்தது. அதற்குப் பிறகு வேலியைப் பார்த்தோம். எல்லையும் வேலியும் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் பொருந்தின. வடக்கு மூலையில் மட்டும் வேலி ஒரு சாண் செல்வநாயகத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. அதாவது கொடுக்க வேண்டியவன் பிரகலாதன். இரண்டு அடி வரும் என்று வந்தவன் ஒரு சாணைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கிணறு வெட்டப் பூதம் வந்த கதைதான்.

பிரகலாதன் சுவரை நெடுநேரம் பார்த்தான். கிட்டப் போய் விரலால் தொட்டும் பார்த்தான். "சரி" என்றான் கடைசியில். மகாதேவி கதிரையில் இருந்தபடி கையை நீட்டி, சுபாஜினியின் கையைப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

மதிலுக்கு நாள் வைத்தது ஒரு புதன்கிழமை. எல்லையில் கயிறு பிடிக்கும் நாள் எங்கள் ஊரில் சாதாரண நாளல்ல. பக்கத்து வளவுக்காரன் விடியவே கதிரையைப் போட்டுக் குந்திவிடுவான். குடையும் வெற்றிலையும் பக்கத்தில் இருக்கும். மேசன் கயிற்றை இழுக்கும்போது கண் இமைக்க மாட்டான், சொந்த மகளின் கலியாணம் என்றாலும் எழும்பிப் போக மாட்டான். நானும் பிரச்சினை வந்தால் தீர்க்கலாம் என்று ஏழு மணிக்கே போய் நின்றேன்.

செல்வநாயகத்தின் பக்கத்தில் ஒருவரும் இல்லை. வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. படலை மட்டும், மேசனும் ஆட்களும் போய்வர வசதியாக, அகலத் திறந்து கிடந்தது. அன்று மகாதேவிக்குக் கிளினிக் நாள். மதில் நாளை மாற்றச் சொல்லிச் செல்வநாயகம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. போகும்போது மேசனிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"தன்ரை பக்கத்துக்குச் சுபாஜினி நிண்டால் காணுமாம்" என்றார் மேசன்.

சுபாஜினி கையிலிருந்த தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒழுங்கைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரகலாதன் அந்த ஆளில்லாத முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேசன் படத்தின்படி வடக்கு மூலையில் கட்டையை அடித்துக் கயிற்றைக் கட்டினார். பிரகலாதன் குனிந்து அந்தக் கட்டையைப் பிடுங்கி, தன் வளவுப் பக்கமாக இரண்டு விரல் தள்ளி ஊன்றினான்.

"படத்திலை இஞ்சைதானே இருக்கு?" என்றார் மேசன்.

"ஆள் நிண்டிருந்தால் படத்திலை உள்ள இடத்திலையே அடிச்சிருப்பன்" என்றான் பிரகலாதன். "இப்ப உதிலை அடியும்."

மேசன் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.